பத்தாமவள்

சால்ட்மியர் விஸ்கவுண்ட் பட்டம்
ஒரு சீட்டாட்டக் கடனில் பிறந்தது.
தோற்றவன் மன்னன். கையில் காசில்லை.
ஜெயித்த ஆம்ப்ரோஸ் ஹெசல்கிரேவுக்கு
நானூறு பவுனுக்கு ஈடாய்
தோலில் எழுதிய சாசனம் ஒன்று,
தட்டகலத்தில் பச்சை மெழுகு முத்திரை.
‘அவர் உடலில் உதித்த ஆண் வாரிசுகளுக்கு
அவ்வாரிசுகளின் ஆண் வாரிசுகளுக்கு’ என்று
மை தொட்டுக்கொள்ளக்கூட நிற்காமல்
ஓடும் வாக்கியம்.

நான் அந்த வாக்கியத்தின் பின்னால் ஓடுகிறவன்.
லண்டனில், தேம்ஸின் வாடை ஏறிவரும் மாடியில்
பிரபுக்களின் வம்சமரம் வரைவது வேலை.
மரம் என்பது பேச்சுக்குத்தான்.
வேர் மேலே இருக்கும், கிளை கீழே இறங்கும்.
ஆணின் பெயருக்கடியில் ஒரு கோடு.
பெண்ணின் பெயருக்கடியில்
தாளின் வெள்ளை.

இரண்டாமவர் பார்படோஸில் கரும்புக்காடு வாங்கினார்,
கூடவே நூற்றுப் பன்னிரண்டு பேரையும்.
அந்தப் பேரேடும் என் அலமாரியில்தான் இருக்கிறது.
தகப்பன் பெயருக்கு அதில் கட்டம் இல்லை,
விலைக்கு உண்டு.
ஃபீபி, முப்பத்தைந்து பவுன்.
அவள் மகன் காட்டோ, ஒன்பது.
அங்கே மட்டும் சட்டம் தாயைக் கேட்டது:
அவள் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை.
அதையும் ஓடவிட்டார்கள்
தலைமுறை தலைமுறையாக.

நான்காமவர் அந்தச் சர்க்கரையில் மாளிகை எழுப்பினார்.
ஐந்தாமவருக்கு ஏழும் பெண்.
பட்டம் ஏழு தலைகளைத் தாண்டிப் பறந்து
தம்பி மகன் தலையில் போய் உட்கார்ந்தது
அவர்கள் கேடயத்தின் கொக்கு மாதிரி.
ஆறாமவர் ஜன்னல் வரிக்கு அஞ்சி
நாற்பது ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்.
(ஏழு, எட்டு பற்றிச் சொல்ல
குதிரைகளும் மூலநோயும்தான்.)

ஒன்பதாமவர் எவரார்ட் அவசரக்காரர்.
பிள்ளை பிறக்குமுன்பே
பத்தாமவன் என்று பொருள்படும்படி
டெசிமஸ் என்று வெள்ளிக் கிண்ணத்தில் பொறிக்கச் சொன்னார்.
பிறந்தது பெண்.
தட்டான் கடைசி இரண்டெழுத்தைச் சுரண்டி
ஓரெழுத்து வைத்தான்.
டெசிமா.
விளிம்பைத் தடவினால்
சுரண்டிய பள்ளம் இன்றும் விரலுக்குத் தட்டும்.

ஐம்பத்து மூன்று ஜனவரியில்
வடகடல் கரையேறி வந்த இரவு
அப்பா லண்டன் கிளப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்.
அவள் தொழுவத்துக் கதவைப் பெயர்த்து
உடைந்த மதகில் சாத்தி
விடியும்வரை முதுகால் தாங்கினாள்,
பன்றிக்காரன் ஜெத்ரோவும் அவளுமாக.
பிறகு அந்த நாலு மதகும் அவள் பொறுப்பாயிற்று.
யாரும் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை.

அப்பா போனதும்
பட்டத்தைத் தேடி நான் போனது கிரிம்ஸ்பிக்கு.
மூன்றுவிட்ட தாயாதி நாரிஸ் ஹெசல்கிரேவ்,
பஸ் டெப்போவில் மேஸ்திரி.
‘மைலார்ட்’ என்றேன். பின்னால் திரும்பிப் பார்த்தார்.
‘நிரூபிக்க என்ன செலவாகும்?’
சொன்னேன்.
‘அந்தக் காசுக்கு மூன்று கிளட்ச் வாங்கலாமே’ என்றவர்
கையைத் துடைத்துக்கொண்டு வண்டிக்கடியில் போய்விட்டார்.

ஆகவே பட்டம் உறங்குகிறது.
எங்கள் துறைச் சொல் அது.
சாகவில்லை. எழுப்புவாரில்லை.
பத்தாமவர் என்ற இடத்தில்
பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

போன மார்ச்சில் டெசிமா இறந்தாள்.
பெயருக்குப் பக்கத்தில்
‘மணமாகாதவர், வழியில்லை’ என்றெழுதி
மையை ஒற்றினேன்.
வடிகால் வாரியத்திலிருந்து வந்த பெட்டியில்
ஈரத்தில் உப்பிய நோட்டுப் புத்தகம் ஒன்று.
அவள் கையெழுத்தில் கடைசியாக:

‘நாலாம் மதகு. எண்ணெய் இட்டாயிற்று.
சங்கிலியில் இரண்டு கண்ணி தேய்வு. மாற்றவேண்டும்.
ஓதம் காலை 6.40.’

அடுத்த வரி வேறொரு கையெழுத்து,
இடப்பக்கம் சாய்ந்தது,
பெயர் போடவில்லை:

‘மாற்றியாயிற்று. ஓதம் 7.25.’